விவாகரத்து ஆகி வருஷக்கணக்காச்சு... கையில பேப்பர் இல்லையா? கோர்ட்டில் நகல் வாங்கும் வழி இதுதான்

திருக்கோவிலூர்:-

விவாகரத்து கிடைத்து 10, 15 வருஷம் ஓடிப்போயிருக்கும். தீர்ப்பு வந்த அன்றைக்கு கோர்ட்டு படி இறங்கியவர்கள் மறுபடி அந்தப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். மறுமணத்தைப் பதிவு செய்யப் போகும்போதோ, கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கும்போதோ, இறந்துபோன அப்பாவின் குடும்ப பென்ஷனுக்கு அலையும்போதோதான், "டிகிரி காப்பி எங்கேம்மா?" என்று கேட்பார்கள். வீட்டில் பெட்டி, பீரோ எல்லாம் தேடினாலும் கிடைக்காது. பழைய வக்கீலும் இருக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர்கள் முதலில் போய் நிற்பது தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் ஆபீசிலும்தான். அங்கே போய் பிரயோஜனம் இல்லை. கல்யாணத்துக்கு சர்டிபிகேட் தருவதுபோல விவாகரத்துக்கு எந்த ஆபீசிலும் சர்டிபிகேட் தருவது கிடையாது. கோர்ட்டு கொடுத்த தீர்ப்பாணைதான் (டிகிரி) அதற்கு அத்தாட்சி. ஒரிஜினல் கோர்ட்டு கட்டிலேயே இருக்கும். நமக்குத் தருவது கோர்ட்டு முத்திரை போட்ட சான்றிட்ட நகல். அதுவும் தீர்ப்பு சொன்ன கோர்ட்டில்தான் கிடைக்கும்.

எந்த கோர்ட்டு?

இந்து திருமண சட்டப்படியான விவாகரத்து மனுக்கள், குடும்பநல கோர்ட்டு இருக்கும் ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் சப்-கோர்ட்டிலும் நடக்கும். திருக்கோவிலூரில் சப்-கோர்ட்டு இருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் விவாகரத்து கேஸ் நடக்காது. கிறிஸ்தவர்கள் 1869-ம் ஆண்டு விவாகரத்து சட்டப்படி மாவட்ட கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. திருக்கோவிலூர் 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதன்பிறகு விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மாவட்டம் மாறிவிட்டதே என்று கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிவிடக் கூடாது. கேஸ் நடந்த வருஷத்தில் எந்த ஊர் கோர்ட்டில் நடந்ததோ, முதலில் அங்கேதான் விசாரிக்க வேண்டும். கட்டு வேறு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் அந்த விவரத்தையும் அங்கேயே கேட்டு வாங்கலாம்.

நம்பர் தெரியலையா?

நகல் வாங்க முக்கியமான சாவி கேஸ் நம்பர். இந்து திருமண மனு என்றால் 'ஹெச்.எம்.ஓ.பி.' என்று போட்டு நம்பரும் வருஷமும் இருக்கும். பழைய சம்மன், வாய்தா சீட்டு, ஜீவனாம்ச கேஸ் பேப்பர் என எதில் வேண்டுமானாலும் இந்த நம்பர் இருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டைக்கூட தூக்கி எறியாமல் பார்க்க வேண்டும்.

ஒன்றுமே இல்லை என்றால் 'இ-கோர்ட்ஸ்' இணையதளத்திலோ செல்போன் ஆப்பிலோ தேடலாம். மாவட்டம், கோர்ட்டு, வருஷம் கொடுத்து கட்சிக்காரர் பெயரைப் போட்டால் நம்பர் வர வாய்ப்பு உண்டு. 'சி.என்.ஆர்.' என்ற 16 இலக்க எண் தெரிந்தால் நேராக அந்த கேசுக்கே போய்விடலாம். பெயரை இங்கிலீசில் எப்படி எழுதினார்கள் என்பதில் குழப்பம் வரும். அதனால் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு நடந்த கேஸ்கள் இதில் அகப்படாது. குடும்ப வழக்குகளில் பெயரை மறைத்து வைப்பதும் உண்டு. அப்படியானால் கோர்ட்டுக்கே போய், தோராயமான வருஷத்தைச் சொல்லி பழைய பதிவேட்டில் தேடித்தரக் கேட்பதுதான் வழி.

புருஷன் எங்கே கேஸ் போட்டார் என்றே தெரியாத பெண்களும் இருக்கிறார்கள். கல்யாணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாக சேர்ந்து குடியிருந்த ஊர், எதிர்த்தரப்பு குடியிருக்கும் ஊர் ஆகியவற்றின் கோர்ட்டில் மனு போட சட்டம் இடம் தருகிறது. மனைவி மனு போட்டால் அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். இந்த ஊர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மனு கொடுப்பது எப்படி?

கோர்ட்டு நகல் பிரிவில் நகல் மனு கொடுக்க வேண்டும். கேஸ் நம்பர், இருதரப்பு பெயர், தீர்ப்பு தேதி, என்ன நகல் வேண்டும் என்பதை எழுதி, கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். கேசில் கட்சிக்காரராக இருந்தவர் வக்கீல் இல்லாமல் தானே மனு போடலாம். 'தீர்ப்பு', 'தீர்ப்பாணை' இரண்டையும் கேட்பது நல்லது. சில ஆபீசுகளில் ஒன்று மட்டும் போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, எவ்வளவு ஸ்டாம்பு கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். திரும்ப முதலிலிருந்து வரவேண்டும். பழைய கட்டு என்றால் ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்துவர கூடுதல் நாள் பிடிக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. விவாகரத்து தீர்ப்பாணையின் ஒரு நகலை இருதரப்புக்கும் காசு வாங்காமல் தரவேண்டும் என்று இந்து திருமண சட்டம் 23-வது பிரிவே சொல்கிறது. இப்போது கேஸ் முடிகிறவர்கள் அந்த இலவச நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஜெராக்சும் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

யார் வேண்டுமானாலும் வாங்கலாமா?

முடியாது. புருஷன், மனைவி இருவரும் கட்சிக்காரர்கள் என்பதால் அவர்களுக்கு உரிமை உண்டு. மாப்பிள்ளை வீட்டார், பக்கத்து வீட்டார், அண்ணன் தம்பி என வெளியாள் கேட்டால், எதற்காக வேண்டும் என்று காரணம் சொல்லி பிரமாணப் பத்திரத்தோடு மனு போட வேண்டும். கோர்ட்டு ஒத்துக்கொண்டால்தான் கிடைக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்பதும் நடக்காது. கோர்ட்டு விதிப்படிதான் நகல் வாங்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஒருதலைப்பட்ச தீர்ப்பா?

"உனக்கும் எனக்கும் எப்பவோ விவாகரத்து ஆயிடுச்சு" என்று புருஷன் திடீரென்று சொன்னால் பதறத் தேவையில்லை. ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது. உடனே நகல் போட்டுப் பார்க்க வேண்டும். சம்மன் கைக்கு வராமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம். நகல் மனு போட்ட தேதி, தயாரான தேதி எல்லாம் நகலிலேயே குறித்திருப்பார்கள். நகல் வாங்க ஆன நாட்களை அப்பீல் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அந்தத் தேதிகள் முக்கியம்.

பஞ்சாயத்து பேப்பர் செல்லுமா?

ஊர் பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தில் எழுதி, நோட்டரி சீல் குத்தி, "தீர்த்து விட்டாச்சு" என்று பிரிந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்கள் கோர்ட்டில் தேடினால் எதுவும் இருக்காது. சமுதாய வழக்கப்படியான விவாகரத்தை சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் மறுமணம் செய்திருந்தால், முதல் தாரம் உயிரோடிருக்க இரண்டாம் கல்யாணம் செய்ததாகக் கேஸ் வரலாம். இதற்கு 7 வருஷம் வரை ஜெயில் உண்டு.

கல்வராயன்மலை மலையாளி மக்களின் விஷயம் வேறு. பழங்குடியினருக்கு மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர இந்து திருமண சட்டம் பொருந்தாது. அவர்கள் சேர்வதும் பிரிவதும் அவர்கள் வழக்கப்படிதான். எழுத்துப்பூர்வமான ஆதாரம் வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டு அறிவிப்பு பெறவேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப்பணிகள் குழுவில் போய்க் கேட்கலாம். 15100 என்ற நம்பருக்கு போன் செய்தும் கேட்கலாம்.

நகல் கைக்கு வந்ததும் பெயர், தேதி, முத்திரை எல்லாம் சரியா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட வேண்டும். கேஸ் நம்பரை தனியாக ஒரு நோட்டிலும் எழுதி வைத்தால், பேப்பர் மறுபடி தொலைந்தாலும் தேடி அலைய வேண்டியிருக்காது.