குடல்வால்: பயனற்ற உறுப்பா?

பண்டைய மருத்துவர் கேலன் குடல்வாலைப் பற்றி எழுதவில்லை. மனித உடலுக்குப் பதிலாக அவர் பார்பரி குரங்குகளை அறுத்துப் பார்த்தார். அவற்றுக்குக் குடல்வால் கிடையாது. 1543இல் வெளிவந்த வெசாலியசின் நூலில் அதன் படம் உண்டு. 1735இல் இலண்டனில் கிளாடியசு அமியாண்ட், 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தை அறுத்தபோது ஊசி குத்தியிருந்த குடல்வாலை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

உணவு மாறியதால் மூதாதையரின் பெருங்குடல் முனை சுருங்கி எஞ்சிய பகுதியே இது என்று 1871இல் டார்வின் எழுதினார். நாங்களும் வகுப்பில் 'எச்ச உறுப்பு' என்றே நடத்தினோம். ஆனால் அதன் சுவரில் நிணநீர்த் திசு நிறைந்துள்ளது. கடும் வயிற்றுப்போக்கில் குடல் காலியாகும்போது நல்ல பாக்டீரியாக்கள் குடல்வாலில் தங்கி, பின்பு மீண்டும் பரவலாம் என்று 2007இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருத்துரைத்தனர். பாலூட்டிகளின் பல கிளைகளில் அது தனித்தனியே தோன்றியிருப்பதும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.