குதங்களும் கொழுந்துக் கூடைகளும்

மலையகப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் திருகோணமலையைத் தவிர்ப்பதில்லை. உடப்புசல்லாவையிலிருந்து செல்லும் நம் மாணவர், பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே கோணேசர் ஆலயத்தை அடைகின்றனர். சீனக்குடாவில், பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்களில் எஞ்சிய 99, காட்டிடையே நிற்கின்றன. நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் மாண்டோரின் மயானம் செவ்வனே பேணப்படுகிறது. இவற்றை மாணவர் காணவே வேண்டும். ஆனால், கண்டு எதை அறிய வேண்டும்?

1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 உயிர்களோடு மூழ்கியது. வழமையாகச் சொல்லப்படும் கதை இவ்வளவே. துறைமுகம் எதன்பொருட்டுக் காக்கப்பட்டது என்ற வினாவோ எழுவதில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் யப்பானியர் கைக்குச் சென்றது. நேச நாடுகள் இலங்கையின் இறப்பரையே பெரிதும் நம்பின; மரங்கள் பட்டுப்போகுமளவுக்குப் பால் வெட்டப்பட்டது. பிரித்தானியாவிலோ 1940 முதல் தேயிலை பங்கீட்டுப் பொருளாகி, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் என அளந்து கொடுக்கப்பட்டது. அந்த அளவையும் நிரப்பியோருள் நம் மலைகளில் கொழுந்து பறித்த பெண்களும் அடங்குவர். பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. லயங்களின் அடுப்பில் சோற்றின் இடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது.

உழைப்பைக் கேட்ட ஆட்சி, கூலியுயர்வைக் கேட்டோருக்குத் தோட்டாவைக் கொடுத்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டே என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் சிறையிடப்பட்டனர். 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். இரு நாள் கழித்துத் திருகோணமலையில் குண்டுகள் விழுந்தன. ஒரே வாரத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் நம் வகுப்பறைகள் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதில்லை.

போர் முடிந்து மூன்றாண்டில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. கடலில் மாண்டவனுக்கு நினைவுக்கல் எழுப்பியது நியாயமே. மலையில் உழைத்தவனுக்கோ, அவன் வாழ்ந்த மண்ணில் குடியுரிமையும் மறுக்கப்பட்டது.

எனவே ஆசிரியர்கள் சீனக்குடாவின் குதங்களருகே மாணவரை நிறுத்தி, இவ்வெண்ணெயில் ஓடிய கப்பல்கள் யாருடைய விளைச்சலுக்குக் காவல் நின்றன என்று கேட்க வேண்டும். ஊர் திரும்பியதும் பயணக் கட்டுரையோடு இன்னொரு பணியையும் கொடுக்க வேண்டும். போர்க்காலத்தில் பிள்ளைகளாயிருந்தோர் இன்று தொண்ணூறைத் தொடும் முதியோர். அரிசி மறைந்த நாட்களைப் பற்றியும் பெரட்டுக் களத்தில் கேட்ட செய்திகளைப் பற்றியும் அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் மாணவர் எழுதி வைக்கட்டும். அடுத்த தவணைவரை அதைத் தள்ளிப்போட நமக்கு அவகாசமில்லை.