சோடியம் வாய்க்காலின் சிறு துணைகள்

நரம்பின் வழியே ஓடும் செய்தி மின்சார சம்பந்தமுடையது என்பது, கால்வானி என்னும் இத்தாலியர் தவளைக் கால்களைக் கொண்டு சோதனைகள் செய்த பதினெட்டாம் நூற்றாண்டு தொட்டே ஊகிக்கப்பட்டு வந்த விஷயமாயினும், அந்த மின்துடிப்பு எதனால் எழுகிறது, எழுந்தபின் எதனால் அடங்குகிறது என்னும் இரு வினாக்களுக்கும் கணக்கோடு கூடிய விடை கிடைத்தது 1952-ஆம் ஆண்டிலேதான். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளான ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும், பிளிமத் கடற்கரையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கணவாயின் தடித்த நரம்பிழையை எடுத்து, அதன் சவ்வின் மின்னழுத்தத்தைத் தாம் வேண்டிய அளவில் நிறுத்திவைத்துச் சோதித்தபோது, முதலில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதையும், அழுத்தம் மாறாதிருக்கும்போதே சில மில்லி செகண்டுகளுக்குள் அப்பாய்ச்சல் தானாக அடைபட்டுவிடுவதையும் கண்டனர். இந்தத் தானடைப்பு அற்பமான காரியமன்று. அது தாமதித்தால் துடிப்பு நீளும், ஒன்றோடு முடியவேண்டிய இடத்தில் பல துடிப்புகள் தொடர்ந்தெழவும் கூடும். இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சோடியம் பாயும் அந்த வாய்க்கால் எந்தப் பொருளால் ஆனது என்பதை அவர்களுடைய சமன்பாடுகள் கூறவில்லை.

அப்பொருளைத் தேடிப் பிடிக்க உதவியவை விஷங்கள். பேத்தை மீனின் விஷம் சோடியம் பாய்ச்சலை மட்டும் தடுத்து, பொட்டாசியத்தைத் தொடுவதில்லை என்பதை 1964-இல் நராஹாஷி முதலியோர் வெளியிட்டபின், அவ்விஷம் சென்று பற்றும் புரதமே வாய்க்கால் என்னும் துணிபு பிறந்தது. 1978-இல் அக்ன்யூ முதலியோர், தென் அமெரிக்க மின் விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கலாயினர். தொடர்ந்து நடந்த ஆராய்ச்சிகளில் அங்கே காணப்பட்டது ஒரே ஒரு பெரும் புரதம். சியாட்டில் நகரில் வில்லியம் காட்டரால் என்பாரும் அவர் மாணாக்கரும் எலியின் மூளையில் தேள் விஷத்தைக் கொண்டு தேடியபோதோ, சித்திரம் வேறுவிதமாக அமைந்தது. சுமார் 2,60,000 டால்ட்டன் எடையுள்ள ஆல்பா என்னும் பெரும் புரதத்துடன், 36,000, 33,000 டால்ட்டன் எடையுள்ள, பீட்டா என்னும் இரு சிறு புரதங்களும் கூடவே வந்தன. முதலாவது பீட்டா இறுகிய வேதிப் பிணைப்பின்றி ஒட்டியிருந்தது; இரண்டாவது பீட்டா கந்தகப் பிணைப்பினால் ஆல்பாவோடு உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தது.

இந்தச் சிறு துணைகளுக்கு அக்காலத்தில் பெரிய மரியாதை கிட்டவில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷோசாகு நூமாவின் குழுவினர் 1984-இல் விலாங்கின் ஆல்பா புரதத்தில் 1,820 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ள வரிசை முழுவதையும் படித்தறிந்ததோடு, 1986-இல் எலி மூளையின் ஆல்பாவுக்குரிய ஆர்.என்.ஏ.வைத் தவளை முட்டையில் புகுத்தி, ஆல்பா தனித்து நின்றே சோடியத்தைச் செலுத்த வல்லது என்பதையும் நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் பீட்டாக்கள் எதற்கு? அந்த முட்டைகளில் தோன்றிய வாய்க்கால்கள் திறந்தது சரியே. ஆனால் மூடுவதில், நரம்பணுவில் உள்ளவற்றைப் போலன்றி, மிகவும் சோம்பல் காட்டின. மூளையிலிருந்து எடுத்த சிறிய ஆர்.என்.ஏ.க்களையும் சேர்த்துப் புகுத்தினால் அந்தச் சோம்பல் நீங்குகிறது என்பது 1988 வாக்கில் தெரியவந்தது.

அந்தச் சகாயம் செய்தது யார் என்பது 1992-இல் துலங்கிற்று. லோரி ஐசம் என்னும் அம்மையார் காட்டராலுடன் சேர்ந்து, 218 அமினோ அமிலங்களே கொண்ட முதலாவது பீட்டாவின் மரபுக் குறிப்பைப் பிரித்தெடுத்து, ஆல்பாவோடு முட்டையில் சேர்த்தபோது, மின்னோட்டம் பெருகிற்று, அடைப்பும் துரிதமாயிற்று. ஊரே கூடி வடம் பிடித்திழுக்கும் தேரை உரிய இடத்தில் திருப்பவும் நிறுத்தவும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவனுடைய கை வேண்டியிருப்பதுபோல, அடைக்கும் கதவு ஆல்பாவின் உடலிலேயே இருந்தும் அது வேளையறிந்து விழுவதற்குப் பீட்டா வேண்டியிருந்தது. 1995-இல் இரண்டாவது பீட்டாவும் அறியப்பட்டபோது வேறோர் ஆச்சரியம் காத்திருந்தது: இதன் வெளிப்புறப் பகுதி, அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் புரதங்களின் அமைப்பை ஒத்திருந்தது. வாய்க்காலின் வேகத்தைத் திருத்தும் குடும்பம், அணுவை அயலாரோடு பிணைக்கும் தொழிலுக்கும் உரியது என்னும் எண்ணம் அன்றுமுதல் வலுப்பெற்றது.

ஆய்வுக்கூடத்துச் சங்கதி மானிட வாழ்வைத் தொட்டது 1998-இல். தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் வலிப்பினால் பீடிக்கப்பட்டிருந்த ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தில், முதலாவது பீட்டாவின் 121-ஆம் இடத்திலிருந்த சிஸ்டைன் டிரிப்டோஃபேனாக மாறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஓர் எழுத்துப் பிழையால் புரதத்தின் உட்பிணைப்பு கெட்டு, கதவைத் துரிதப்படுத்தும் ஆற்றலும் குன்றியது. துணைகள் எல்லாம் ஒரே திசையில் வேலை செய்வன அல்ல என்பதும் பின்னர் விளங்கிற்று. சிறுமூளையின் பர்க்கின்ஜி அணுக்களில், துடிப்பு அடங்கும் வேளையில் சோடியம் மீண்டும் சிறிது பாய்வது 1997-இல் அறியப்பட்டிருந்தது; இதே குடும்பத்தைச் சேர்ந்த நான்காவது பீட்டாவின் உள்வால் திறந்த வாயிலில் புகுந்து தற்காலிகமாக அடைத்துப் பிறகு விலகுவதால் அது நேரலாம் என்று 2005-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். அத்தகைய மீள்பாய்ச்சல் அந்த அணுக்கள் அதிவேகமாகத் துடிக்கத் துணை செய்கிறது.

2017-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் குழுவினர், உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால், ஆல்பாவின் பக்கத்தில் முதலாவது பீட்டா அமர்ந்திருக்கும் உருவத்தைக் கண்டு வெளியிட்டனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, முன்னொரு காலத்தில் பெரும் புரதம் தனித்தே இருப்பதாகத் தோன்றிய அந்த மின் விலாங்கின் வாய்க்காலைத்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீண்ட இந்த வரலாற்றில் தவளை முட்டைச் சோதனை பொய்யுரைக்கவில்லை. ஆல்பா தனித்துச் சோடியத்தைச் செலுத்துமா என்று கேட்டவர்களுக்குச் செலுத்தும் என்ற மெய்யான விடையே கிடைத்தது. வேளை தவறாமல் மூடுமா என்ற கேள்வி பிறந்த பின்னரே, உபரியென ஒதுக்கப்பட்ட பீட்டாவுக்கு நரம்பியலில் உரிய ஸ்தானம் கிடைத்தது.