பாட்டும் பதிகமும்: தேடுபொறிக்கு ஒரு பழந்தமிழ்ப் பாடம்

எட்டுத்தொகை நூல்களுள் பதிற்றுப்பத்தின் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. சேர வேந்தர் மீது பத்துப் புலவர் பாடிய பத்துப் பத்துகளின் தொகுதி அது. முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்துபோயின. எஞ்சிய 80 பாட்டுகளை உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், துறை, வண்ணம், தூக்கு ஆகிய குறிப்புகள் உண்டு. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் ஒரு பதிகம் நின்று, பாடியவர் யார், பாடப்பட்டவன் யார், அவன் செய்தவை யாவை என்று உரைக்கும். பெற்ற பரிசில் இன்னதென்பதும் அதனையொட்டியே சொல்லப்படும்.

இந்நூலைக் கணினியில் தேடத்தக்கதாக அமைப்பது எங்ஙனம் என்று சேலையூரில் நண்பர்களாகிய நாம் கூடி ஆராய்ந்தபோது, எளிய வழிகள் இரண்டும் பொய்த்தன. ஒரு பத்து முழுவதையும் ஒரே ஆவணமாக்கினால், ஒரு பாட்டின் துறையும் வேறொரு பாட்டின் வண்ணமும் ஒன்றெனக் கலந்து, இல்லாத பாட்டொன்று இருப்பதாக விடை வரும். பதிகத்தைப் பத்துப் பாட்டிலும் படியெடுத்துச் சேர்த்தாலோ, பதிகத்தின் சொற்கள் எல்லாம் புலவன் வாக்காகிவிடும்.

மூன்றாவது வழி, தாய் ஆவணம், சேய் ஆவணம் எனப் பிரித்து வைத்து உறவை மட்டும் காப்பது. டக் கட்டிங் 1999இல் தொடங்கிய லூசீன் என்னும் தேடுபொறி நிரலகத்தில் 2011இல் இதற்கு வழி பிறந்தது. அதன்மேல் எழுந்த சோலர் 2013இல் அதனை ஏற்றது. 'விறலியாற்றுப்படைத் துறையில் பாடல் பெற்ற வேந்தர் யாவர்?' எனில், சேயைத் தேடித் தாயைத் தருதல். 'செங்குட்டுவனைப் பாடிய பாட்டுகள் எவை?' எனில், தாயைத் தேடிச் சேயைத் தருதல். வியப்பு என்னவெனில், லூசீனில் சேய்கள் முன்னே வரிசையாய் நிற்க, தாய் இறுதியில் நிற்றல் வேண்டும் என்பது விதி. பதிற்றுப்பத்தைத் தொகுத்தவர் வைத்த முறையும் அதுவே.

இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று; வரலாறே இதில் தங்கியிருக்கிறது. பரணர் பாடிய ஐந்தாம் பத்தின் பதிகம், செங்குட்டுவன் பத்தினிக் கடவுளுக்குக் கல் கொணர்ந்த செய்தியைக் கூறுகிறது. ஆனால் பரணரின் பத்துப் பாட்டுகளிலும் அச்செய்தி இல்லை. அவன் கடற்போர் அவற்றில் பேசப்படுகிறது. பதிகங்கள் பாட்டுகளுக்குக் காலத்தால் பிற்பட்டவை என்பது அறிஞர் பலர் கொள்கை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டச் செய்திக்குப் பரணரே சான்று என்று ஒருவர் எழுதினால், தாயின் சொல்லைச் சேயின் வாயில் ஏற்றியவர் ஆவார். பாட்டையும் பதிகத்தையும் ஒன்றாக்கிய தேடுபொறியும் அப்பிழையையே நொடியில் ஆயிரம் பேருக்கு வழங்கும்.

மறைந்த பத்துகளின் நிலை இன்னும் நுட்பமானது. அவற்றிற்கு உரியவையாகக் கருதப்படும் சில பாட்டுகள் உரையாசிரியர் மேற்கோள்களிலும் புறத்திரட்டிலும் கிடைத்துள்ளன. அவை தாயற்ற சேய்கள். லூசீனின் முறையிலோ, ஒரு தாய்க்கும் அதற்கு முந்தைய தாய்க்கும் இடையில் கிடப்பவை யாவும் அத்தாயின் சேய்களே. முதற்பத்தின் உதிரிப் பாட்டொன்றை எண்வரிசை கருதி முன்னே வைத்தால், இரண்டாம் பத்தின் தாய் அதனைத் தன்னதாக்கிக்கொள்வாள். குமட்டூர்க் கண்ணனார் இமயவரம்பனைப் பாடியதாக விடை வந்து நிற்கும். 'பத்து அறியப்படவில்லை' என்று ஒரு வெற்றுத் தாயையேனும் அதற்கு வைத்தல் வேண்டும்.

அச்சுப் பதிப்பில் உதிரிப் பாட்டுகளைத் தனியே வைத்தபோது பதிப்பாசிரியர் காட்டிய விழிப்பு இது. சொல் எங்கே இருக்கிறது என்று காட்டுவது தேடல். அது யாருடைய சொல் என்றும் காட்டினால்தான் அது பதிப்பு. சங்க நூல்களைக் கணினிக்கு ஏற்றுவோர் இவ்விரண்டனையும் ஒருங்கே கைக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.