உடுவில் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனர்

உடுவிலில் எங்கள் வளவின் மேற்கு மூலையில், கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றினுள், ஐயாவின் மொறிஸ் மைனர் கார் நெடுங்காலம் ஓடாமல் நின்றது. சென்ற ஆண்டு அக்காவின் மகனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஊர்வலத்திற்கு அந்தக் காரையே எடுக்க வேண்டுமென்று அவன் விரும்பினான்.

"மாமா, இதை முழுக்கச் சுரண்டிப்போட்டு ஸ்பிறே அடிப்பம். கலியாணத்தண்டு பளபளவெண்டு நிக்கும்" என்றான்.

நான் பொனற்றின் மேல் விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனியில் வெண்பச்சைத் தூள் ஒட்டிக்கொண்டது, கரும்பலகையைத் துடைத்த கை போல. அந்தக் கோடு சென்ற இடத்தில் மாத்திரம் நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த பச்சையின் சாயல் தெரிந்தது.

"பொறு தம்பி. முதலில கையால ஒருக்காத் தேய்ச்சுப் பாப்பம்" என்றேன்.

அந்தத் தேய்ப்பு மூன்று வாரம் நீடித்தது. பத்திரிகைத் தொழிலில் பழைய தாள்களைப் புரட்டியே வயதைக் கழித்தவன் நான். ஒரு காரின் பூச்சையும் அவ்வாறே பக்கம் பக்கமாகப் படிக்கலாம் என்பதை அந்த மூன்று வாரங்களில்தான் அறிந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், ஸ்மேர்னா துறைமுக நகரில் 1906இல் பிறந்தவர். 1922இல் அந்நகரம் போரில் சிக்கியபோது குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, மோல்ற்றாத் தீவு வழியாக இங்கிலாந்து சேர்ந்தவர். இடம்பெயர்ந்த ஒருவர் வரைந்த கார், பின்னாளில் இடம்பெயர்வையே வாழ்வாகக் கொண்ட ஒரு குடாநாட்டில் இத்தனை காலம் நின்று பிடித்தது. தற்செயல்தான், ஆயினும் மனத்தில் நிற்கிறது.

அந்தக் காரின் பொனற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டி ஓடும். அதற்கும் ஒரு கதை உண்டு. மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாகப்பட்டதால் இசிகோனிஸ் அதை நடுவால் அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்தத் திருத்தத்தின் தழும்பே இப்பட்டி. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே.

யாழ்ப்பாணத்துக்கு இக்கார்கள் சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் வந்தன. மைனரை ஆசிரியர்களும் வைத்தியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் வாங்கினார்கள். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் போன்ற பெரியவை வாடகைக் கார்களாக ஓடின. ஐயா 1958 ஜனவரியில் காரை எடுத்தார். அதனோடு ஓர் அரசியலும் வீட்டுக்கு வந்தது.

அதற்கு முன்னர் வாகன இலக்கத் தகடுகளில், சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இணைத்து ஈஎல், ஈஎன் என்றவாறு பொறித்தார்கள். 1958 பிறந்தபோது புதிய வாகனங்களுக்குச் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' கட்டாயமாக்கப்பட்டது. அதே ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு, சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்கே வந்தன. தமிழரசுக் கட்சியினர் சிங்கள எழுத்தைத் தார் பூசி மறைத்தும், தமிழ் ஸ்ரீயை எழுதியும் போராடினர். தெற்கில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்டது. பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கிழிக்கப்பட்டது. மே மாத இறுதியில் நாடே எரிந்தது.

எங்கள் காரை மருதனார்மடச் சந்தியில் சில இளைஞர்கள் மறித்தார்களாம். ஐயா இறங்கி நின்று, தானே தகட்டைக் காட்டினாராம். அவருக்கும் அது சம்மதமே. ஆனால் தூரிகையிலிருந்து தெறித்த தார், தகட்டுக்குக் கீழேயிருந்த பச்சை நிறத்திலும் பட்டது. பின்னர் கொழும்புக்கு ஓட வேண்டி வந்தபோது மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதைத் துடைத்தார். தார் போயிற்று, பளபளப்பும் போயிற்று. உள்ளங்கையளவான ஒரு மங்கல் நிலைத்துவிட்டது. அந்த இடத்தைக் காட்டி ஐயா இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1960களின் முற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருப்பவற்றை ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டபோது வலிகாமத்துச் செம்மண் பொன்னாய் விளைந்தது. தோட்டக்காரர் கைகளிலும் பணம் புழங்கிற்று. அவர்களும் பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் வாங்கினார்கள். கறள் பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டவும், இல்லாத உதிரிப்பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்யவும் வல்ல கைகள் ஊருக்கு ஊர் உருவாயின. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய வாகனங்கள் வந்தன. ஆயினும் யாழ்ப்பாணத்தில் பழையவை ஒதுங்கிவிடவில்லை.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது அவற்றின் அருமை தெரிந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துபோல் துளிக்கணக்கில் கிடைத்தது. பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. சிறிதளவு பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எங்கள் கண்டுபிடிப்பு மாத்திரமன்று. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் பேர்குசன் உழவு இயந்திரங்கள் இங்கிலாந்திலேயே செய்யப்பட்டன. ஆனால் நோயாளியையும், பிரசவ வேதனையில் துடிப்பவளையும், காயம்பட்டவரையும் வெண்புகை கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றவை எங்கள் கார்களே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தது. ஐயா காரைக் கொட்டிலில் விட்டு, சைக்கிளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டின் கதவுகள் இல்லை, கார் இருந்தது. கொட்டிலின் கூரை விழுந்து, வெயிலும் மழையும் அதன் மேல் நேராக இறங்கியிருந்தன. அதற்குப் பின் அவர் அதை ஓட்டவில்லை. கூரையைத் திரும்ப வேய்வதற்கும் ஆண்டுகள் பல சென்றன.

இனி அந்த வெண்பச்சைத் தூளுக்கு வருகிறேன். 1980களின் பின் வந்த பெரும்பாலான கார்களில் நிறப்பூச்சின் மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. அது வெடித்து உரிந்தால் தேய்த்துப் பயனில்லை. திரும்ப அடிக்கவே வேண்டும். பழைய கார்களில் அது கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. சூரியனின் புறஊதாக் கதிர், நிறத்துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை மேற்பரப்பில் சிதைக்கிறது. பிடி இழந்த துகள்கள் சுண்ணத்தூளாய் மேலே நிற்கின்றன. உச்சிவெயில் படும் பொனற்றும் கூரையும் முதலில் மங்குவதும், கதவின் கீழ்ப்பகுதி தப்புவதும் இதனாலேயே. செத்த தோலுக்குக் கீழே உயிருள்ள நிறம் இருக்கிறது.

எந்தப் பூச்சு என்று அறிவதற்கு எளிய சோதனை உண்டு. வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் எடுத்து மறைவான ஓரிடத்தில் தேய்க்க வேண்டும். துணியில் காரின் நிறம் ஏறினால் பழைய ஒற்றைப் பூச்சு. ஏறாவிட்டால் மேலே தெளிபூச்சு இருக்கிறது. எங்கள் துணி பச்சையாயிற்று.

முதல் வேலை கழுவுவது. வலிகாமத்தில் அதற்கும் இரு இடர்கள் உண்டு. செம்மண் தூசியில் நுண்மணல் இருக்கிறது. உலர்ந்தபடி துடைத்தால் கீறும். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. அந்நீர் காய்ந்தால் வெண்புள்ளிகள் படியும். ஆகவே தாராளமாக நீர் ஊற்றித் தூசியை இளக்கி, நிழலில் கழுவி, காயுமுன் பழைய வேட்டித் துண்டுகளால் ஒற்றி எடுத்தோம். அக்காலத்துப் பச்சை, மஞ்சள் நிறங்களில் ஈயம் கலந்த சாயங்கள் இருந்திருக்கக்கூடும். எனவே உலர் அரத்தாளைத் தொடவேயில்லை. கையுறை அணிந்து ஈரமாகவே வேலை செய்தோம். துணிகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி ஒதுக்கினோம்.

அடுத்து, அராவும் துகளற்ற, எண்ணெய் மிகுந்த பொலிஷைத் தடித்த துவாயில் எடுத்து நன்றாகப் பூசி, ஓரிரவு ஊற விட்டோம். வறண்ட பூச்சு அதைக் குடித்தது. மறுநாள் துடைத்தபோதே நிறம் சற்று ஆழங்கொண்டது. அதன் பின்னரே மென்மையான கட்டிங் கொம்பவுண்டை எடுத்தோம். ஒரு முழ நீள இடமாகப் பிரித்து, வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில், இலேசான அழுத்தத்தோடு தேய்க்க வேண்டும். இயந்திரம் அரை மணியில் செய்வதைக் கை அரை நாளில் செய்யும். ஆனால் எப்போது நிறுத்துவது என்பது கைக்குத் தெரியும். பொனற்றின் நடுப்பட்டி ஓரங்களில் பூச்சு மிக மெல்லியது. அங்கே நான் ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டேன். அடிப்பூச்சுச் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. அதை மீட்க வழியில்லை. ஒவ்வொரு தேய்ப்பும் சிறிது நிறத்தை எடுத்துக்கொண்டே மீதியைத் தருகிறது. இறுதியில் மெழுகு பூசினோம். பிரேசிலில் வளரும் கார்நோபா என்ற மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. அம்மரமும் நம் பனையின் குடும்பமே.

பத்தாம் நாள் மருமகன் முன்பக்கத் தகட்டைக் கழற்றினான். அதன் பின்னே வெயில் காணாத பச்சை, நேற்று அடித்தது போல் இருந்தது. அதன் கீழே அந்த உள்ளங்கை மங்கல்.

"இதையும் தேய்க்கட்டோ மாமா?" என்று கேட்டான்.

நான் 1958ஐச் சொன்னேன். அவன் பிறந்தது போரின் நடுவில். ஸ்ரீ எழுத்து அவனுக்கு வெறும் பழைய நம்பர். முழுவதையும் கேட்டுவிட்டு, துணியை மடித்து வைத்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2009இல் போர் முடிந்த பின்னரும் தெற்கிலிருந்து பழைய கார் தேடி வந்தவர்கள் பலர். நாம் அருங்காட்சியப் பொருளாக நினைத்து அவற்றைப் பேணவில்லை. வேறு வழியின்றியே பேணினோம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர், அவற்றின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்துத் தருவித்தார். அதே ஆண்டுகளில் அதே நாட்டின் வடக்கில் ஒரு பற்றரிக்குத் தவமிருந்தோம். விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் வீடு திருத்தியவர்களும் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் எஞ்சியவற்றை இன்று முற்றாகச் சுரண்டி, பட்டி வைத்து, வெளியூர்க் கார் போல் மினுக்கி நிறுத்தும்போது, அவை எங்கே நின்றன, எதைச் சுமந்தன என்பதும் அரத்தாளோடு போய்விடுகிறது. கறள் துளைத்த தகட்டுக்குப் புதுப்பூச்சு அவசியம், அதை மறுப்பவனல்லன். கறளில்லாத, வெறுமனே மங்கிய பூச்சுக்கு அது அவசியமில்லை.

திருமணத்தன்று கார் உடுவிலிலிருந்து சுன்னாகம் வரை ஓடியது. புதுக் கார் போல் மினுங்கவில்லை. கூரையில் சில இடங்கள் வெளிறியே இருந்தன. பொனற்றின் ஓரத்தில் என் கைப்பிழை தெரிந்தது. ஊர்வலம் முடிந்து நின்றபோது, மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி குந்தியிருந்து, புதுப்பெண்ணுக்கு இலக்கத் தகட்டின் கீழே எதையோ காட்டிக்கொண்டிருந்தான்.

உங்கள் வளவிலும் இப்படி ஒன்று நின்றால், கராச்சுக்கு அனுப்புமுன் இலக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் அழைத்துக் கேளுங்கள். பெயின்ற் அடிப்பதைப் பிறகும் செய்யலாம்.