திரையில் வாழ்ந்த தியாகராசர்

திருவையாற்றுத் தியாகராசரின் வரலாற்றைச் சொல்லுமாறு கேட்டால், ஸ்கூடாயில் வாழும் இசையன்பரும் சென்னையில் வாழும் இசையன்பரும் ஏறக்குறைய ஒரே கதையையே சொல்லுவர். தஞ்சை மன்னன் பொன்னும் பொருளும் அனுப்பி அழைத்தான், அவர் மறுத்தார், வெகுண்ட தமையன் பூசையிலிருந்த இராமனது திருவுருவைக் காவிரியில் எறிந்தான், தம்பி கண்ணீரோடு பாடித் திரிந்து, இறுதியில் அவ்வுருவைத் திரும்பப் பெற்றார். கடல் கடந்த ஜொகூரிலும் கதை இத்துணை மாறாமல் வழங்குவதற்கு ஏடுகள் மட்டும் காரணமல்ல. பாகவதர்களின் காலட்சேபம் பரப்பிய கதையைத் திரைப்படம் நிலைபெறச் செய்தது.

அப்படம் 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த தெலுங்குத் ‘தியாகையா’. சித்தூர் வி. நாகையா அதனைத் தாமே எடுத்து, தாமே இயக்கி, தாமே பாடி நடித்தார். போதனாவாகவும் 1947-இல் வேமனாவாகவும் தோன்றியவர் அவரே. தமிழர்க்கும் அவர் அயலாரல்லர். 1945-இல் வந்த ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் ராணாவாக நடித்தவர். அவருடையது மேடை அதிர முழங்கும் கச்சேரிக் குரலன்று. உருகிக் கரையும் குரல். அக்குரலே தியாகராசரின் குரல் எனப் பலரும் மயங்கினர்.

அதற்கு முன்பும் இசைவாணர்கள் திரைக்கு வந்ததுண்டு. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1940-இல் நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காளமேகப் புலவராக வந்தார். அவையெல்லாம் அடியார் கதைக்கும் புலவர் கதைக்கும் இசைவாணரை இரவல் வாங்கியவை. ‘தியாகையா’விலோ இசைவாணரின் வாழ்க்கையே கதை. இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. விடியலில் எழுந்து பூசை செய்து, உஞ்சவிருத்தி சென்று, மாணாக்கர்க்குப் பாடம் சொன்ன ஒருவரது வாழ்வில் திரைக்கு வேண்டிய மோதல் ஏது? ஆகவே அரசனும் தமையனும் அளவுக்கு மீறிப் பெரியவராயினர்.

உறுதியாக அறியத்தக்கவை சிலவே. தியாகராசர் 1767-இல் திருவாரூரில் பிறந்தார். சொண்டி வேங்கடரமணய்யாவிடம் இசை பயின்றார். திருவையாற்றில் வாழ்ந்து 1847 சனவரியில் மறைந்தார். அவர் மாணாக்கர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் மைந்தர் கிருஷ்ணசாமி பாகவதரும் விட்டுச் சென்ற குறிப்புகளே வரலாற்றுக்கு முதற் சான்றுகள். அவையும் பத்தியோடு எழுதப்பட்டவை. இருபத்தோராண்டுகளில் 96 கோடி முறை இராம நாமம் செபித்தார் என்பது வழக்கு. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஒன்றேகால் இலட்சம் ஆகிறது. நாளொன்றுக்கு உள்ள நொடிகளோ 86,400 தாம்! இத்தகைய எண்ணைப் பத்தியின் அளவாகக் கொள்ளலாமேயன்றி வரலாற்றின் அளவாகக் கொள்ளலாகாது.

‘நிதி சால சுகமா’ என்னும் கலியாணி ராகக் கீர்த்தனை, அரசன் அழைப்பை மறுத்தபோது பிறந்தது என்பர். செல்வம் சுகமா, இறைவன் சந்நிதி சுகமா என்னும் கேள்வி அதில் உளது. அரசன் பெயரோ ஆண்டோ இல்லை. பாட்டின் பொருளுக்கேற்ப நிகழ்ச்சி ஒன்று பின்னர்ப் பொருத்தப்பட்டிருக்கவும் கூடும். கீர்த்தனைகளுக்குக் காலக் குறிப்பு இல்லாமையால், எழுநூறு அளவில் இன்று கிடைக்கும் பாடல்களைக் கொண்டு வாழ்க்கையை வரிசைப்படுத்தல் எளிதன்று. திரைப்படத்திற்கோ அத்தயக்கம் கிடையாது. பாட்டுக்கு முன் ஒரு காட்சி வேண்டும், அவ்வளவே.

இதனால் மிகவும் நட்டம் அடைந்தவர் இரண்டாம் சரபோசி மன்னர். 1798-இல் அரியணை ஏறிய அவர், அடுத்த ஆண்டே உடன்படிக்கை வாயிலாக நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்துவிட்டார். கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், ஆண்டுப்படியுமே எஞ்சின. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர், அச்சுக்கூடம் நிறுவியவர், இசைவாணர் பலரைப் புரந்தவர் அவர். கதையிலோ பொற்காசு நீட்டிச் சோதிக்கும் செல்வச் செருக்கராக மட்டும் நிற்கிறார். நாட்டை இழந்த மன்னனும் அவன் அவையை நாடாத பாடகனும் ஒரே காலத்தில், ஒரே காவிரி நாட்டில் வாழ்ந்தனர் என்பது, புனைந்த மோதலினும் ஆழ்ந்த நாடகமாகும். அதனை எவரும் படமாக்கியதாகத் தெரியவில்லை. 1981-இல் பாபு இயக்கி, ஜே. வி. சோமயாஜுலு நடித்த இரண்டாம் ‘தியாகையா’வும் பழைய தடத்திலேயே சென்றது, முன்னதன் புகழையும் எட்டவில்லை.

இவ்வளவு கூறியதனால் நாகையாவின் படத்தைப் பழித்ததாகாது. கச்சேரிக்குச் செல்ல வாய்ப்பில்லாத எத்தனையோ பேருக்குக் கீர்த்தனைகளைக் கொண்டு சேர்த்தது அப்படம். வகுப்பில் அதன் கதையைச் சொல்லும் ஆசிரியர், “இது வழக்கு, இது சான்று” என்று பிரித்துச் சொன்னாற் போதும்.

தியாகராசர் மறைந்தபின் நடந்த கதையும் சொல்லத்தக்கது. பேணுவாரின்றிக் கிடந்த சமாதியிருந்த இடத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்தில் பிறந்த அவ்வம்மையார், ஆராதனையில் பெண்கள் பாடலாகாது என்றிருந்த தடையை எதிர்த்துப் போராடினார். 1940-ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றுபட்ட பின்னரே ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து பாடும் இன்றைய விழா உருப்பெற்றது. 1952-இல் மறைந்த அம்மையாரின் சமாதி, தியாகராசர் சந்நிதியை நோக்கியவாறு அங்கேயே இருக்கிறது.