வீட்டிலேயே கிட்டார் ஆம்ப் செய்ய முடியுமா? கேஜிஎஃப் லைன் வீட்டுக்கு அரை வாட் போதும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன் பிறகு இந்த ஊரின் காலை மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் ரயிலோடுதான் தொடங்குகிறது. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், கிட்டாரை எடுக்கவே ராத்திரி ஒன்பது ஆகிவிடும். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. அந்தப் பக்கம் இருப்பவருக்கும் விடிகாலை ரயில் இருக்கிறது.

கடையில் விற்கும் பெரிய ஆம்ப் இங்கே தேவையே இல்லை. சில நூறு ரூபாய் பாகங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால், நீங்களே ஒன்று செய்துவிடலாம்.

அரை வாட் எப்படிப் போதும்?

50 வாட் ஆம்ப் அரை வாட் ஆம்பைவிட 100 மடங்கு சக்தி கொண்டது. ஆனால் சத்தம் 100 மடங்கு கேட்காது. சத்தம் இரு மடங்காகத் தோன்ற, சக்தி சுமார் 10 மடங்கு ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் காதுக்கு வித்தியாசம் ஏறக்குறைய 4 மடங்குதான். நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால், அரை வாட்டே ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். அதனால் இதிலும் வால்யூமைக் குறைத்துத்தான் வாசிப்பீர்கள்.

பெரிய ஆட்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

குயின் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1970களின் தொடக்கத்தில், லண்டன் தெருக் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து ஆம்பாக்கினார். அது 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது. வால்யூம் குமிழ்கூடக் கிடையாது. அதைத்தான் பிரையன் மே குயின் ஆல்பங்களின் பதிவுகளில் பயன்படுத்தினார்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட். இரண்டில் எங்கே போனாலும் கிடைக்கும்:

- எல்எம்386 ஐசி, அதற்கு 8 கால் சாக்கெட்
- எம்பிஎஃப்102 டிரான்சிஸ்டர்
- கண்டன்சர்கள்: 47 நானோ ஃபாரட் மூன்று, 10, 100, 220 மைக்ரோ ஃபாரட் தலா ஒன்று
- ரெசிஸ்டர்கள்: 10 ஓம், 3.9 கிலோ ஓம், 1 மெகா ஓம்
- 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், கிட்டார் ஜாக், சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரி, டாட் போர்டு
- 8 ஓம் ஸ்பீக்கர். பழைய டிவியிலோ ஹோம் தியேட்டரிலோ கழற்றியது போதும். பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்

எப்படி இணைப்பது?

கிட்டார் பிக்அப் தரும் சிக்னல் மிகப் பலவீனமானது. அதை நேரடியாக ஐசிக்குக் கொடுத்தால் ஒலி மங்கிவிடும். அதனால் முதலில் டிரான்சிஸ்டர்.

1. ஜாக்கின் சிக்னல் கம்பியை 47 நானோ கண்டன்சர் வழியாக டிரான்சிஸ்டரின் கேட்டுக்குக் கொடுங்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம்.
2. டிரெய்ன் 9 வோல்ட்டுக்கு. சோர்ஸிலிருந்து 3.9 கிலோ ஓம் கிரவுண்டுக்கு.
3. சோர்ஸிலிருந்து இன்னொரு 47 நானோ வழியாக வால்யூம் கண்ட்ரோலின் ஒரு முனைக்கு. மறுமுனை கிரவுண்டு. நடுக்கால் ஐசியின் 3ஆம் காலுக்கு.
4. ஐசியின் 2, 4ஆம் கால்கள் கிரவுண்டு. 6ஆம் கால் 9 வோல்ட். அதற்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோ கண்டன்சரை கிரவுண்டுக்குப் போடுங்கள்.
5. 5ஆம் காலில் 220 மைக்ரோ கண்டன்சரின் பிளஸ் பக்கம். மைனஸ் பக்கம் ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் மறுமுனை கிரவுண்டு.
6. அதே 5ஆம் காலிலிருந்து மூன்றாவது 47 நானோவும் 10 ஓமும் வரிசையாக கிரவுண்டுக்கு. இது இல்லாவிட்டால் சில ஸ்பீக்கர்களில் கீச்சிடும்.

டிரான்சிஸ்டரின் கால் வரிசையை அதன் டேட்டா ஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை மாட்டும் முன் 5ஆம் காலில் மல்டிமீட்டர் வையுங்கள். சுமார் 4.5 வோல்ட் காட்டினால் வேலை சரி. இல்லையென்றால் உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டு, சால்டரிங்கை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ராக் சத்தம் வருமா?

வரும். 1, 8ஆம் கால்களைச் சும்மா விட்டால் ஐசி சிக்னலை 20 மடங்கு பெருக்கும். அவற்றுக்கு நடுவே 10 மைக்ரோ கண்டன்சர் போட்டால் (பிளஸ் பக்கம் 1இல்) 200 மடங்கு. பத்தில் ஒரு வோல்ட் சிக்னல் 20 மடங்கானால் 2 வோல்ட். 200 மடங்கானால் 20 வோல்ட். ஆனால் பேட்டரியிலேயே 9 வோல்ட்தான் இருக்கிறது. அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். அந்த வெட்டுதான் நீங்கள் கேட்கும் டிஸ்டார்ஷன். நடுவில் ஒரு சுவிட்ச் போட்டால், வேண்டும்போது கிளீன், வேண்டும்போது கரகரப்பு.

ஏன் பேட்டரி? பிளக்கில் மாட்டினால் என்ன?

இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் கிரவுண்டோடு இணைந்திருக்கின்றன. உங்கள் விரல் அந்தக் கம்பிமேல். 230 வோல்ட் கசிந்தால் அது உங்கள் வழியாகத்தான் போகும். 1972 மே 3 அன்று, பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் இல்லாத பழைய வயரிங் நம் வீடுகளிலும் இருக்கிறது.

அடாப்டர்தான் வேண்டும் என்றால், பிஐஎஸ் முத்திரையுள்ள 9 வோல்ட் அடாப்டரை வாங்குங்கள். பிளஸ், மைனஸைச் சரிபாருங்கள். கிட்டார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனைதான் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ஐசி போச்சு.

1902இல், சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. பெங்களூரு தெருவிளக்குகளுக்கு மின்சாரம் வந்ததே அதற்குப் பிறகுதான். அந்த ஊரில் உங்கள் ராத்திரிப் பாட்டுக்குத் தேவை 9 வோல்ட். அவ்வளவுதான்.